பாதி இழுத்த குதிரை

மோந்த்ரேயில் ஒரு பழைய மாவு மில்லின் இரண்டாம் மாடி.
ஜனவரி. ஹீட்டர் ஒன்றுதான்,
அதுவும் முதலாளி பக்கம் திரும்பியிருக்கிறது.
சினிமாவுக்கு வாடகைக்குப் போய்வந்த சாமான்கள்:
ஆறு சிம்மாசனம், ஒரே ஒரு சவப்பெட்டி,
பொய்த்தாடி அடைத்த பிஸ்கட் டின்கள்,
மேற்குச் சுவரோடு நாற்பத்திரண்டு துப்பாக்கிகள்.

காப்பீட்டுக்காரனுக்குக் கணக்கு வேண்டும்.
எண், நீளம், அசலா நகலா.
பேனா என்னுடையது.

நகல்கள் சுலபம்.
ரப்பரில் வார்த்தது, குதிரையிலிருந்து விழுகிறவனுக்கு.
மரத்தில் கடைந்தது, பின்வரிசையில் நிற்கிறவனுக்கு.
கேமரா கிட்டே வந்தால் மட்டும் இரும்பு.
தூக்கினாலே தெரிந்துவிடும்:
தூங்குகிற பிள்ளையும்
தூங்குவதாய் நடிக்கிற பிள்ளையும்
ஒரே கனம் இல்லை.

ஆயுதக்காரர் பாஸ்கால் வெய்ஸ், அல்சாஸ் ஆள்,
சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருக்கும் வளைந்த இரும்பைக் காட்டி
பிரெஞ்சில் இது நாய் என்றார்,
எங்கள் வீட்டு ஜெர்மனில் சேவல்.
உங்கள் பக்கம்?
குதிரை என்றேன்.
காரைக்காலில் நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை.
சொல் மட்டும் எப்படியோ கூட வந்துவிட்டது,
பாஸ்போர்ட்டில் அமலோர்பவம் வந்ததுபோல்,
இங்கே ஒருவர் வாயிலும் முழுதாய் நுழையாமல்.
அவர் சிரிக்கவில்லை. கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தார்.
ஒரு சொடுக்கு. பாதியில் நின்றது.
இதுதான் பத்திரம், பாதிக் குதிரை சுடாது, என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
சுடாது என்றுதான் சொல்வார்கள், என்றார்.

பதினேழாம் எண்ணுக்கு அடிக்கட்டையில் எலி கடித்ததுபோல் ஒரு வடு.
எந்தெந்தப் படம் என்று தெரிந்தால் விலை கூடுமாம்.
மூன்று சாயங்காலம் கறுப்பு வெள்ளை பார்த்தேன்.
அரசனின் படையாள் ஒருவன்
அந்த வடுவைக் கன்னத்தில் வைத்துக் குறிபார்க்கிறான்.
அடுத்த காட்சியில் கலகக்காரன் ஒருவன்
அதே வடுவின்மேல் செத்துக் கிடக்கிறான்.
ஆளும் அதே ஆள். மீசை மட்டும் கட்சி மாறியிருக்கிறது.
இன்னொரு படத்தில் ஒரு மாடிப்படி, வெள்ளைக் கவுனில் ஒரு நடிகை,
குழல் அவள் நெஞ்சுக்கு ஒரு முழம் தள்ளி.
வெளிச்சம், சத்தம், புகை, எல்லாம் வேறு எங்கிருந்தோ.
அழகாகத்தான் விழுந்தாள்.

செவ்வாய்க்கிழமை வெய்ஸ் குழலுக்குள் கம்பியை விட்டார்.
உள்நீளம் நாலு விரற்கடை குறைந்தது.
மறுபடி விட்டார்.
ஹீட்டரை அணைக்கச் சொன்னார்.
எல்லோரையும் படிக்கட்டுக்குப் போகச் சொன்னார்.
நான் போகவில்லை, பேனா மேசைமேல் இருந்தது.

சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு,
திருகுமுனை போட்டு இழுத்தார்.
முதலில் துணி. எங்கள் கடற்கரைப் பருத்தியாய் இருந்தால்
இந்தக் கவிதைக்கு வசதியாய் இருந்திருக்கும்.
சாம்பல் நிறக் கம்பளி. யாருடைய காலுறையோ.
பிறகு ஈயம், இலந்தைப்பழம் அளவு.
பிறகு மருந்து, மேலே களி,
அடியில் மட்டும் உலர்ந்த கறுப்பு மணல்.
ஒரு சிட்டிகையை ஜன்னல் விளிம்பில் வைத்துத் தீக்குச்சி காட்டினார்.

பிடித்தது.

இருநூறு வருஷத்துக்கு முன் எவனோ கெட்டித்துவிட்டுச்
சுடாமல் போயிருக்கிறான்.
பயந்தானா, சாப்பிடக் கூப்பிட்டார்களா,
அதற்குள் சண்டைதான் முடிந்துவிட்டதா.
தீ நுழையும் ஊசித்துளையில் துரு,
துருவின்மேல் மெழுகு,
மெழுகின்மேல் ஏழு படத்துப் பாலிஷ்.
அவ்வளவுதான் நடுவில் இருந்தது.
அவள் எழுந்து கவுனைத் தட்டிக்கொண்டு
காப்பி கேட்டிருப்பாள்.

காப்பீடு ஏறுமா இறங்குமா, முதலாளி கேட்டார்.
அசல் என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.

இரவு அந்த மாடிப்படியை மறுபடி ஓட்டினேன்.
குதிரை முழுதாய் இழுபட்டு நிற்கிறது, கல்லைக் கவ்வி.
சுடுவதற்குமுன் குழலின் வாய் லேசாய்த் திரும்புகிறது,
அறைப்பக்கம்.
நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.